எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க: ஏற்காட்டுப் பயணக் குறிப்புகள்

வியாழன், இரவு

சேலம் ஜங்ஷனில் இறங்கும்போதே தூறல். நவம்பர் மாசம் ஏற்காடு என்றதும் வீட்டில் எல்லாரும் ஸ்வெட்டரை ஞாபகப்படுத்தினார்கள். குடையை ஒருத்தரும் சொல்லவில்லை. அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் என்று பஸ் நகர்ந்து, அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் பனிமூட்டம். ஒண்டிக்கடையில் இறங்கியபோது எதிரே நிற்கிற ஆட்டோகூடத் தெரியவில்லை.

இந்த முறை ஏரியும் படகும் பார்க்க வரவில்லை. சேர்வராயன், கல்வராயன், சித்தேரி, பர்கூர் மலைகளிலிருந்து பழங்குடி ஊர்ப் பெரியவர்கள், வன உரிமைக் குழுவில் இருக்கும் பெண்கள், படித்துவிட்டு ஊரிலேயே இருக்கும் இளைஞர்கள் என்று ஒரு கூட்டம் இங்கே சேர்கிறது. தங்கள் ஊரில் நடக்கும் உரிமை மீறலைப் பதிவு செய்வது எப்படி, அதை வைத்துக்கொண்டு சட்டப்படி நிற்பது எப்படி என்று பயிற்சி. நான் பழைய பத்திரிகைப் புகைப்படக்காரன். காமிரா வகுப்பு எனக்கு.

ஏற்பாடு செய்தவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். அமைப்பின் பெயர் வேண்டாம், ஆள் பெயர் வேண்டாம், ஊர் பெயரும் வேண்டாம், முகம் தெரியும் படம் கூடவே கூடாது. அதனால் இந்தக் குறிப்புகளில் யாருக்கும் பெயர் இருக்காது. படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கலாம். பெயர் வெளியே வந்தால் அவர்களுக்கு வருவது வெறும் எரிச்சலோடு நிற்காது.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. இந்த மலைகளின் பழங்குடிகள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் இல்லை, தமிழ் பேசும் மலைமக்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர் மலைக்கொருவராகப் பிரிந்து போனதாக அவர்களுடைய வழிவழிக் கதை. 2011 கணக்கெடுப்பில் 3,57,980 பேர். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் இவர்கள்தான் அதிகம். மாநிலத்தில் பழங்குடிகளுக்கு ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே இரண்டு, ஒன்று ஏற்காடு, இன்னொன்று சேந்தமங்கலம்.

ராத்திரிச் சாப்பாடு ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். குளிருக்கு அதைவிட வேறு மருந்து தேவையில்லை.

வெள்ளி

காலையில் அறிமுகம். இப்போது காபிப் பழம் பறிக்கிற பருவம். வந்திருக்கும் பெண்களில் பாதிப் பேர் எஸ்டேட் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்தார் என்று சுற்றுலாக் கையேடுகள் எல்லாம் பெருமையாகச் சொல்லும். அந்தத் தோட்டங்களுக்கு முன்னால் அந்தச் சரிவுகளில் யார் என்ன விதைத்தார்கள் என்று அதே கையேடுகளில் ஒரு வரி தேடிப் பாருங்கள்.

சேர்வராயன் மலைக்காரர்களிடம் பழைய நிர்வாகம் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மூன்று நாடுகள், நாட்டுக்கொரு பட்டக்காரர், அவருக்குக் கீழே மூப்பன். வந்திருந்த ஒரு பெரியவர் மூப்பன் குடும்பம். “பஞ்சாயத்துல சாட்சி சொல்றவன் சாமி மேல சத்தியம் பண்ணுவான். அதுக்கு மேல எதுக்குங்க காகிதம்?” என்று கேட்டார். பயிற்சி நடத்தும் வழக்கறிஞர் அக்கா சிரிக்காமல் பதில் சொன்னார்: “சத்தியத்தை உங்க ஊர் நம்பும் அய்யா. ஆபீஸ் நம்பாது. ஆபீஸ் நம்புற மாதிரி எப்படிச் சொல்றதுன்னுதான் பார்க்கப்போறோம்.” பெரியவருக்கு அது போதுமானதாக இல்லை, முகத்தில் தெரிந்தது. எனக்கும் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருப்பதாகப் பட்டது.

முதல் பயிற்சி, பார்த்ததையும் கேட்டதையும் பிரிப்பது. ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அக்கா நிறுத்திக் கேட்பார்: “நீங்க பார்த்தீங்களா, யாராவது சொன்னாங்களா?” எளிமையான கேள்விதான். ஆனால் கதை சொல்லிப் பழகிய வாய்க்கு அது பெரிய தடங்கல். ஒரு அண்ணன் பாதியில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி சொன்னபோது அதே சம்பவம் பாதி நீளத்தில், இரண்டு மடங்கு வலுவாக இருந்தது.

அடுத்து, தேதி. “இருபது வருஷத்துக்கு முன்னாடி” என்றால் எந்த அதிகாரியும் எழுதிக்கொள்ள மாட்டார். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார் அக்கா. இந்திரா காந்தியைச் சுட்ட வருஷம் என்றால் 1984. எம்.ஜி.ஆர். இறந்தது என்றால் 1987 டிசம்பர். ஆனால் அவருக்குப் பிடித்த அடையாளம் சுனாமி. கடலையே பார்க்காத மலைப்பாட்டிக்கும் சுனாமி ஞாபகம் இருக்கிறது. டிவி இருந்த வீட்டுத் திண்ணையில் ஊரே கூடிப் பார்த்தது. அது 2004 டிசம்பர் 26. காட்டை நம்பி வாழ்கிறவர்களுக்கு அந்த நிலத்தின்மேல் உரிமை கொடுப்பது வன உரிமைச் சட்டம். அது கேட்கும் கடைசித் தேதி 2005 டிசம்பர் 13. அந்தத் தேதிக்கு முன்பிருந்தே நிலம் அனுபவத்தில் இருந்ததா என்பதுதான் சட்டத்தின் கேள்வி. “சுனாமி வந்தப்ப இந்தக் காடு உங்க கையில இருந்துச்சா?” இந்த ஒரு கேள்விக்கு வரும் பதில், சட்டம் கேட்கிற நாளுக்கு ஒரு வருஷம்கூடத் தள்ளி இல்லை.

மத்தியானம் போலீஸ் ஸ்டேஷன் நாடகம். கல்வராயன் மலைத் தம்பி ஒருவன்தான் இன்ஸ்பெக்டர். நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, “உங்க ஊரு சாராயம் காய்ச்சுற ஊருதானே?” என்று தொடங்கினான். வகுப்பு சிரித்தது. பின்வரிசையில் சிலர் சிரிக்கவில்லை.

புகார் கொடுக்க வந்தது எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒரு அக்கா.

“எழுதிக் கொண்டாந்தியா?”

“எழுதத் தெரியாதுங்க.”

“அப்ப எழுதத் தெரிஞ்சவனைக் கூட்டிட்டு வா.”

அக்கா எழுந்து போய்விட்டார். நாடகம் என்பது அவருக்கு மறந்துபோனது போல நிஜமாகவே கதவு வரைக்கும் போனார். வழக்கறிஞர் அங்கே நிறுத்தினார்.

அதற்கப்புறம் அவர் சொன்னதை என் நோட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். 1989ஆம் ஆண்டு தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, காவல் நிலைய அதிகாரியின் கடமைகளைப் பட்டியல் போடுகிறது. வாயால் சொன்ன புகாரை அவர்தான் எழுத வேண்டும். எழுதியதைப் புகார் கொடுத்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. நகலை உடனே தர வேண்டும். இதையெல்லாம் வேண்டுமென்றே செய்யாமல் விட்டால் அது அவர் மேல் குற்றம். 2018இல் சேர்த்த 18ஏ பிரிவின்படி, வழக்குப் பதிய முன்கூட்டியே விசாரணை எதுவும் தேவையில்லை. டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 173ஆம் பிரிவு.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது அந்த அக்கா ஏன் எழுந்து போனார்? பிரிவு எண் தெரியாததால் இல்லை. நாற்காலியில் இருப்பவர் “போ” என்றால் போய்விடுவது உடம்பில் ஊறிய பழக்கம். அதனால்தான் நாடகத்தைத் திரும்பத் திரும்ப நடத்தினார்கள். இரண்டாவது தடவை அவர் உட்கார்ந்தே இருந்தார். அதற்கடுத்த தடவை சொன்னார்: “நான் சொல்றதை நீங்க எழுதுங்க. எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க. அப்புறம் கைநாட்டு வைக்கிறேன். நகல் கொடுங்க.” இன்ஸ்பெக்டர் தம்பிக்கு அடுத்த வசனம் வரவில்லை.

சனி

காலையில் ஒரு ஊருக்கு நடை. ஜீப் போகிற வரை போய், அப்புறம் காபித் தோட்டங்களுக்கு நடுவே இறங்கிப் போகும் ஒற்றையடிப் பாதை. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, கீழே ஈரம், எல்லார் காலிலும் அட்டை.

ஒரு பாட்டி முன்னால் நடந்தார். இளைஞர்கள் போனில் பாதையைப் பதிவு செய்துகொண்டே பின்னால். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும் என்பது பலருக்குப் புதுச் செய்தி. பாட்டி ஒவ்வொரு இடமாகக் காட்டினார். தன் மாமனாரைப் புதைத்த இடம், அதில் நட்ட கல். ஊற்று. கல் அடுக்கிக் கட்டிய வரப்பு. வருஷம் ஒரு முறை கும்பிடும் கல்சாமி. கைவிட்டுப்போன பழைய ஊரின் வீட்டு அடித்தளம்.

இவை ஒவ்வொன்றும் சட்டப்படி ஆதாரம். வன உரிமை விதிகளில் 13ஆம் விதி அதைச் சொல்கிறது: வீடு, வரப்பு, தடுப்பணை, கிணறு, புதைகாடு, வழிபாட்டிடம், ஊர்ப் பெரியவர்கள் சொல்லி எழுத்தில் வாங்கிய வாக்குமூலம். இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டதைக் கணக்கில் எடுக்க வேண்டும். செயற்கைக்கோள் படம் கூடுதல் ஆதாரமாகலாமே தவிர மற்றவற்றுக்கு மாற்றாக முடியாது என்று 2012இல் திருத்திய விதிகள் எழுதியே வைத்திருக்கின்றன. பாட்டி தலைக்குள் வைத்திருந்தது ஒரு முழு ஆவணக் கோப்பு. அதை எழுதிக்கொள்ள இத்தனை காலம் யாரும் உட்காரவில்லை.

வழியில் ஒரு கம்பி வேலி. ஒரு விடுதிக்காரர் போட்டது. புதைகாட்டுக்குப் போகும் பழைய தடம் வேலிக்குள் மாட்டிக்கொண்டது. இப்போது பிணத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போகிறார்கள். இளைஞர்களுக்குக் கோபம். உடனே வன உரிமை மனுவில் இதையும் சேர்க்கலாம் என்றார்கள். வழக்கறிஞர் வேண்டாம் என்றார். வேலி இருப்பது பட்டா நிலத்தில் என்றால் அது வேறு கதை. ஆனால் பழங்குடிகள் புதைகாட்டையோ பொதுப் பாதையையோ ஊற்றையோ பயன்படுத்தத் தடுப்பது வன்கொடுமைச் சட்டத்தில் தனிக் குற்றம். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் எல்லாக் கதவையும் தட்டினால், “இது எங்கள் வேலை இல்லை” என்று எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். முதலில் அந்தத் தடத்தைப் பழைய ஊர் வரைபடத்தில் பாருங்கள், பிணம் தூக்கிப் போனவர்கள் பெயரை எழுதுங்கள் என்று அனுப்பினார்.

திரும்பும்போது ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையிலிருந்து வந்த அண்ணனோடு நடந்தேன். அவர் பேசாத ஆள். மாட்டைப் பற்றி மட்டும் பேசுவார். பர்கூர் மாடு தெரியுமில்லையா, செம்மேனியில் வெள்ளைத் திட்டு, கட்டுக்கு அடங்காத இனம். அது காட்டுப் பட்டியில் வளர்கிற மாடு. காட்டில் மேய்ச்சல் நின்றால் அந்த இனமும் நின்றுவிடும் என்கிறார். 2022இல் உயர்நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலைத் தடை செய்தது. பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகத்தோடு நிறுத்திக்கொண்டது. 2024 தொடக்கத்தில் அவர்களுடைய மலையே தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மேய்ச்சல் உரிமை வன உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறதே என்றேன். “இருக்குதுங்க. ஆனா நாங்க பழங்குடி இல்லீங்களே” என்றார்.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களின் பெயர்கள் இருக்கின்றன: தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், திருச்சிராப்பள்ளி. பழைய கோயம்புத்தூர் மாவட்டம் அதில் இல்லை. அதிலிருந்து பிரிந்த ஈரோடும் இல்லை. அதனால் சேர்வராயன் மலையில் இருக்கும் மலையாளி பழங்குடி. அவர் பெண் கொடுத்து எடுக்கும் பர்கூர் மலையாளி இல்லை. சேலத்துக்காரர் 2005க்கு முன்பிருந்த அனுபவத்தைக் காட்டினால் போதும். ஈரோட்டுக்காரர் ‘பிற பாரம்பரிய வனவாசி’ என்ற கணக்கில் 75 வருஷத்தை நிரூபிக்க வேண்டும். வன்கொடுமைச் சட்டம் அவருக்குக் கிடையவே கிடையாது. நேற்று இன்ஸ்பெக்டர் முன்னால் பேசப் பழகிய அந்த நாலு வாக்கியத்துக்குப் பின்னால் அந்தச் சட்டத்தின் பலம் அவருக்கு இல்லை. ஆனாலும் வகுப்பு முழுக்க உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்.

சாயங்காலம் சேர்வராயன் கோயில். 5,326 அடி, மலையின் உச்சி. குனிந்து போகிற குகை, உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். மே மாதம் திருவிழாவுக்கு மலை முழுக்க இங்கே கூடும். சுற்றிலும் சமதளமான செம்மண் மேடு, அதில் அலுமினியத் தாது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்தும் பாக்சைட் போனது. அந்த ஆலை பின்னாளில் வேதாந்தா குழுமத்திடம் போனது. ஒடிசாவின் நியம்கிரியில் அதே குழுமம் பாக்சைட் வெட்ட வந்தபோது என்ன நடந்தது என்பதைக் கோயில் மேட்டில் உட்கார்ந்தே வழக்கறிஞர் சொன்னார். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மக்களின் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே பார்த்து முடிவு செய்யட்டும் என்றது. 12 ஊர்களில் சபை கூடியது. டோங்ரியா கோந்த் பழங்குடிகள் உள்ளிட்ட ஊர் மக்கள் பன்னிரண்டிலும் வேண்டாம் என்றார்கள். சுரங்கம் வரவில்லை. மூப்பன் வீட்டுப் பெரியவர், “பன்னெண்டு ஊரும் ஒண்ணா சொன்னாங்களா?” என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

சனி, இரவு

வாச்சாத்தியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்பதால் இது.

சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கறிஞர் சொல்ல, சித்தேரிக்காரர்கள் இடையிடையே திருத்தினார்கள். அவர்கள் மலையடிவாரத்தில்தான் அந்த ஊர். 1992 ஜூன் 20, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், அடித்தார்கள். ஆலமரத்தடியில் கூட்டி வைத்திருந்தவர்களில் 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்களையும் குழந்தைகளையும் கைது செய்து சேலம் சிறையில் அடைத்தார்கள். நாளை மறுநாள் நாங்கள் இறங்கிப் போகப்போகும் அதே சேலம்.

அரசுத் தரப்பு மறுத்தது. மலைவாழ் மக்கள் சங்கம் விடவில்லை. அந்த வருஷமே தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் போய் விசாரித்து எழுதிய அறிக்கை, மக்கள் சொன்னது நடந்ததுதான் என்று பதிவு செய்தது. 1995இல் உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. 269 பேர் மீது குற்றச்சாட்டு. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தபோது 54 பேர் உயிரோடு இல்லை. மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள், அவர்களில் 17 பேர் பாலியல் வன்கொடுமைக்காக. மேல்முறையீட்டில் 2023இல், மறுபடியும் அதே செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது.

அந்தப் பெண்களிடம் போனும் இல்லை, காமிராவும் இல்லை. அவர்கள் சொன்னதை உடனே போய்க் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு சங்கமும் ஒரு அதிகாரியும் இருந்தார்கள். 19 வருஷம் கழித்தும் சொல்லை மாற்றாமல் அவர்கள் நின்றார்கள். என் காமிரா வகுப்பை நாளைக்குக் காலையில் எப்படித் தொடங்குவது என்ற யோசனை அங்கே மாறிப்போனது.

ஞாயிறு

எப்போது படம் எடுக்கக் கூடாது என்பதில் தொடங்கினேன். பாதிக்கப்பட்டவர் வேண்டாம் என்றால் கூடாது. குழந்தைகள் சம்பந்தப்பட்ட பாலியல் குற்றம் என்றால் முகமோ, பெயரோ, பள்ளியோ, வீடோ அடையாளம் தெரியவே கூடாது. சாட்சிக்கு ஆபத்து என்றால் கூடாது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாக 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பலர் ஜவ்வாது, சித்தேரி மலை மலையாளிகள். தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தில் வாக்குமூலம் கொடுத்தபோது அவர்களுக்குப் பாதுகாப்பும் தேவைப்பட்டது. “போட்டோ வந்துடுச்சுன்னா ஆளைத் தேடி வந்துடுவாங்க இல்லீங்களா?” என்று ஒரு தங்கச்சி கேட்டாள். ஆமாம்மா, அதற்குத்தான்.

அப்புறம் தொழில். முதலில் தூரத்திலிருந்து, பின்னால் கோயிலோ மின்கம்பமோ ஏதாவது ஒரு நிலையான அடையாளம் தெரிகிற மாதிரி. பிறகு நடுத்தரம். பிறகு கிட்டே, பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வைத்து, அளவு தெரிய. வீடியோவில் உங்கள் கருத்து வேண்டாம். தேதி, நேரம், இடம், யார் எடுக்கிறீர்கள் என்பது போதும். போனில் தேதி சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எடுத்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, கூடவே இருக்கும் விவரங்களையும் உதிர்த்துவிடும். மெமரி கார்டைத் தனியாக எடுத்து உறையில் போட்டு, உறைமேல் கையெழுத்து. புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது, அதில் ‘ஹாஷ்’ எண்ணையும் எழுத வேண்டும். ஹாஷ் என்றால் என்ன என்று முழித்தார்கள். அந்தக் கோப்பின் கைநாட்டு என்றேன். ஒரு புள்ளியை மாற்றினாலும் ரேகை மாறிவிடும். அதோடு புரிந்துகொண்டார்கள்.

மத்தியானம் ஐ.நா. பற்றி ஒரு வகுப்பு. எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை, உண்மையைச் சொன்னால் சாப்பாட்டுக்குப் பிறகு யாருக்குமே இல்லை. 2007 செப்டம்பர் 13 அன்று பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம் 144 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறியது. இந்தியாவும் ஆதரித்து ஓட்டுப் போட்டது. ஆனால் இந்தியர் எல்லாருமே இந்த மண்ணின் பூர்வகுடிகள்தான் என்பது அரசின் நிலைப்பாடு. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 1997 முதல் பழங்குடிகளுக்கு ஜெனீவாவில் பயிற்சி கொடுக்கிறது. இந்த இடத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “ஜெனீவா கிடக்கட்டும், எங்களுக்குச் சேலம் கலெக்டர் ஆபீஸே தூரம்.” தூங்கிக்கொண்டிருந்தவர்களும் எழுந்து சிரித்தார்கள்.

ஆனால் அந்தப் பிரகடனத்தில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள்: நிலத்தில் எதுவும் செய்யும் முன், முன்கூட்டியே, வற்புறுத்தல் இல்லாமல், விவரம் எல்லாம் சொல்லி அந்த மக்களின் சம்மதத்தை வாங்க வேண்டும் என்பது. “நேத்து அந்த வேலிக்காரர் யாரைக் கேட்டார்?” என்று தொடங்கி அரைமணி நேரம் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டைப் பற்றிச் சொல்லாமல் விடலாம். ஏரிக்கரையில் வண்டி நிறுத்த இடமில்லை, அவ்வளவுதான்.

திங்கள்

காலை முதல் பஸ்ஸில் இறங்கினோம். நான், வழக்கறிஞர், நேற்றைக்கு முந்தைய நாள் போன ஊரிலிருந்து நாலு பேர். அதில் ஒருவர், போலீஸ் நாடகத்தில் எழுந்து போன எஸ்டேட் அக்கா. அவர் ஊரின் வன உரிமைக் குழுவில் உறுப்பினர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஊருக்குப் பொதுவாகக் காட்டின்மேல் உரிமை கேட்டு அவர்கள் கொடுத்த சமூக வன உரிமை மனு வெகுகாலமாக எங்கேயோ நிற்கிறது. இந்த மாநிலத்தில் சட்டம் வந்தும் ரொம்ப நாள் நகரவில்லை. 2008இல் உயர்நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவால் உரிமைப் பத்திரம் கொடுப்பது நின்றுபோய், 2016இல்தான் அந்தத் தடை விலகியது. அதன் பிறகு இவர்கள் ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டபோது, “அது ரிஜெக்ட் ஆயிடுச்சு” என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். காகிதம் எதுவும் கையில் இல்லை.

பஸ்ஸில் வழக்கறிஞர் சொன்ன கணக்கு இதுதான். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது விதி. அந்த எழுத்து கைக்கு வந்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு. வாயால் சொன்ன நிராகரிப்பை எதிர்த்து எங்கேயும் போக முடியாது. ஆனால் ஏட்டில் அது நிராகரிப்பாகவே உட்கார்ந்திருக்கும். 2019 பிப்ரவரி 13 அன்று, மனு நிராகரிக்கப்பட்டவர்களைக் காட்டிலிருந்து வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது ஞாபகம் இருக்கிறதா? அதே மாதம் 28 அன்று அதை நிறுத்தி வைத்தது. அந்தப் பதினைந்து நாள் இந்தியாவின் காடுகளில் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். அப்படி ஏட்டில் மட்டும் இருக்கும் நிராகரிப்புகள் எத்தனை பேரை வீதிக்குக் கொண்டுவந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் யாரிடமும் போகவில்லை. மனு நேற்று ராத்திரியே தயார்; தம்பி ஒருவன் எழுத, எஸ்டேட் அக்கா ஒவ்வொரு வரியையும் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டு, இரண்டு இடத்தில் திருத்தியிருந்தார். கேட்டது ஒன்றே ஒன்று: எங்கள் மனுமீது எடுத்த முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் கொடுங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்ட மனு ஒன்று, 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, அந்தக் கோப்பில் உள்ள எல்லாக் குறிப்புகளின் நகலும் கேட்டு. அதற்கு 30 நாள் கெடு.

வரிசை மெதுவாக நகர்ந்தது. மேசையில் இருந்தவர் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சாதிச் சான்று இருக்கிறதா என்றார். இருந்தது. கோட்டாட்சியர் கையெழுத்துப் போட்டதுதானா என்றும் பார்த்தார். பழங்குடிச் சான்றை 1989க்குப் பிறகு தாசில்தார் தர முடியாது. எண் போட்டு ரசீது கொடுத்தார். அக்கா நகரவில்லை.

“மனுவுல நாங்க என்ன கேட்டிருக்கோம்னு நீங்க பதிஞ்சதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கணினித் திரையைத் திருப்பி வைத்துப் படித்தார். ‘வன நிலப் பட்டா கோருதல்’ என்று பதிவாகியிருந்தது. அது இல்லை என்றார் அக்கா. பட்டா கேட்கவில்லை, முடிவை எழுத்தில் கேட்கிறோம். பின்னால் வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். மேசைக்காரர் அழித்துவிட்டுத் திருத்தி எழுதினார், சலித்துக்கொள்ளாமல். அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், சொன்னோம்.

வெளியே வந்து தட்டுவடை செட் வாங்கிச் சாப்பிட்டோம். சேலத்துக்கு வந்து அதைச் சாப்பிடாமல் போனால் பாவம். சாப்பிட்டுக்கொண்டே தம்பி ரசீதைப் படம் எடுத்தான். தூரத்தில் ஒன்று, கிட்டே ஒன்று. வாட்ஸ்அப் குழுவில் போடப் போனவனை அக்கா தடுத்தார். ஊருக்குப் போய் முதலில் நோட்டில் எண்ணை எழுது, அப்புறம் போடு என்றார். முப்பதாவது நாள் எந்தக் கிழமையில் வருகிறது என்று என்னைக் கேட்டார். போனில் பார்த்தேன், புதன்கிழமை. காபிப் பறிப்பு மும்முரமாக இருக்கிற வாரம். மேஸ்திரியிடம் இப்போதே லீவு சொல்லி வைத்துவிடுகிறேன் என்றார்.